டீசல் லாரியில் டர்போ பூஸ்ட் லீக்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லாரியில் இழுவை இல்லை என்றதும் முதல் பழி டர்போ (எக்ஸாஸ்டின் சக்தியில் சுழன்று என்ஜினுக்குள் காற்றை அமுக்கும் கருவி) மேல்தான் விழும். கழற்றுவார்கள், புதிதாக மாட்டுவார்கள், வண்டி அதே மாதிரி முக்கிக்கொண்டே மேடு ஏறும். டர்போ அமுக்கிக் கொடுத்த காற்று வழியிலேயே எங்கோ வெளியேறிக்கொண்டிருந்தால் எத்தனை டர்போ மாற்றினாலும் அப்படித்தான். அதனால் டர்போவின் ஒரு போல்ட்டைத் தொடுவதற்கு முன்னால் காற்றுப் பாதையை அழுத்தம் ஏற்றிச் சோதித்துவிட வேண்டும். கீழே உள்ள பதில்கள் எல்லாமே அந்த ஒரு கட்டாயத்தைச் சுற்றித்தான்.

பூஸ்ட் லீக் என்று எதைச் சொல்கிறோம்?

டர்போவின் கம்ப்ரஸர் காற்றை அமுக்கி வெளியே தள்ளுகிறது; அந்தக் கூடுதல் அழுத்தம்தான் பூஸ்ட். அந்தக் காற்று ஒரு குழாய் வழியாக இன்டர்கூலருக்குப் போய், சூடு தணிந்து, இன்னொரு குழாய் வழியாக இன்டேக் மேனிஃபோல்டுக்கு (சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் பகுதி) வருகிறது. கம்ப்ரஸர் வாயிலிருந்து சிலிண்டர் ஹெட் வரை இந்தப் பாதையில் எங்கே காற்று வெளியேறினாலும் அது பூஸ்ட் லீக். இன்றைய கனரக லாரிகளில் முழு லோடில் உள்ளே 1.5 முதல் 2.5 பார் வரை அழுத்தம் இருக்கும். 1 பார் என்பது 14.5 பிஎஸ்ஐ. கம்ப்ரஸரை விட்டு வரும் காற்றின் சூடு 150 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். ஒவ்வொரு மேட்டிலும் இந்தச் சூடும் அழுத்தமும் ஏறி இறங்கும். ஹோஸும் கிளாம்பும் இன்டர்கூலர் மூட்டுகளும் அலுத்துப்போவது இதனால்தான்.

இதன் அக்கம்பக்கத்தில் இன்னும் இரண்டு லீக் உண்டு. ஒன்று, ஏர் ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில். இன்னொன்று, எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கும் டர்போவுக்கும் நடுவில். இரண்டும் பூஸ்ட் லீக் ஆகாது. ஆனால் தேடும்போது மூன்றையும் சேர்த்தே பார்க்க வேண்டியிருக்கும்.

எந்த அறிகுறிகளை வைத்துச் சந்தேகப்படலாம்?

லோடு வண்டியில் மேட்டில் இழுவை குறைகிறது, முன்பு ஏறிய கியரில் இப்போது ஏற மறுக்கிறது. ஆக்சிலரேட்டரை அழுத்தியதும் "உஸ்ஸ்" என்று ஒரு சீறல். காலை எடுத்தால் நின்றுவிடுகிறது. டர்போவின் விசில் சத்தம் வழக்கத்தைவிடக் கூர்மையாகக் கேட்கிறது. டீசல் கூடுதலாகக் குடிக்கிறது. டிபிஎஃப் (புகையிலுள்ள கரியைப் பிடிக்கும் ஃபில்டர்) உள்ள வண்டியாக இருந்தால் ரீஜெனரேஷன், அதாவது சேர்ந்த கரியை எரித்துச் சுத்தம் செய்வது, அடிக்கடி கேட்கும். காற்று பற்றாமல் எரிந்த கரியெல்லாம் அங்கே போய்த்தான் அடைகிறது.

டிரைவர்கள் சொல்லி மெக்கானிக்குகள் காதில் வாங்காத அறிகுறி ஒன்று இருக்கிறது: இறக்கத்தில் என்ஜின் பிரேக் பிடிப்பு குறைவது. கம்ப்ரஷனை விடுவித்து வேலை செய்யும் என்ஜின் பிரேக்குக்குச் சிலிண்டரில் நிறையக் காற்று வேண்டும். பூஸ்ட் ஒழுகினால் பிரேக்கும் சோர்ந்துவிடும். "ஏற்றத்தில் இழுக்கலை, இறக்கத்தில் நிக்கலை" என்று ஒரே ஆள் ஒரே மூச்சில் சொன்னால், நான் நேராக ஹோஸ்களைத்தான் பார்ப்பேன்.

வண்டியை நிறுத்திவைத்து ரேஸ் கொடுத்தால் சத்தமே வரவில்லையே?

வராது. லோடு இல்லாமல் என்ஜினை முறுக்கினால் டீசல் எரிவது குறைவு, எக்ஸாஸ்டில் சக்தி குறைவு, டர்போ பெரிதாக அழுத்தம் கட்டாது. நின்ற இடத்தில் ரேஸ் கொடுத்துப் பார்த்து "லீக் இல்லை" என்று சான்றிதழ் கொடுப்பது வீண் வேலை. ஒன்று, லோடோடு சாலையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். அல்லது, என்ஜினை அணைத்துவிட்டு வெளியிலிருந்து காற்றை ஏற்றிச் சோதிக்க வேண்டும். இரண்டாவதுதான் இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

கருப்புப் புகை வரவில்லை என்றால் லீக் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. பழைய மெக்கானிக்கல் பம்ப் வண்டிகளில் காற்று குறைந்தும் டீசல் அதே அளவு போனால் கருப்புப் புகை தள்ளும். எலக்ட்ரானிக் என்ஜினில் காற்று குறைவதைச் சென்சார் கண்டுகொண்டு கம்ப்யூட்டர் டீசலையும் குறைத்துவிடும். புகை வராது, இழுவை மட்டும் போகும். டிபிஎஃப் இருந்தால் வருகிற கொஞ்சப் புகையையும் அது விழுங்கிவிடும்.

மெக்கானிக்கல் பம்பிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. மேனிஃபோல்டிலிருந்து பம்பின் தலையில் இருக்கும் டயாஃப்ரம் வரை ஒரு மெல்லிய குழாய் போகும். பூஸ்ட் ஏற ஏற டீசலைக் கூட்டுவது அதன் வேலை. அந்தக் குழாய் வெடித்தாலோ டயாஃப்ரம் கிழிந்தாலோ பம்புக்கு பூஸ்ட் வந்ததே தெரியாது, டீசலைக் கூட்டாது. வண்டி சுத்தமான புகையோடு சோம்பேறியாக ஓடும். பெரிய ஹோஸ்களையெல்லாம் தடவிப் பார்த்துவிட்டு, சுண்டு விரல் தடிமன்கூட இல்லாத இந்தக் குழாயைத் தாண்டிப் போய்விடுவது வழக்கமான கோட்டை விடுதல்.

ஸ்கேனரில் எதைப் பார்க்க வேண்டும்?

பி0299 என்ற பிழைக் குறியீடு (கோடு) வந்தால் பூஸ்ட் போதவில்லை என்று பொருள். கனரக லாரிகளில் எஸ்பிஎன் 102 (எந்த அளவு என்று சொல்லும் எண்), எஃப்எம்ஐ 18 (என்ன குறை என்று சொல்லும் எண்) என்று வரலாம்: இன்டேக் மேனிஃபோல்ட் அழுத்தம் இயல்புக்குக் கீழே. இரண்டுமே விளைவைத்தான் சொல்கின்றன. "ஹோஸ் கிழிந்தது" என்று எந்தக் கோடும் சொல்லாது.

பிழைக் குறியீட்டைவிட, ஓடும்போதே ஸ்கேனரில் தெரியும் அளவுகள் (லைவ் டேட்டா) உபயோகமானவை. முதலில் என்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டு பூஸ்ட் சென்சாரின் அளவைப் பாருங்கள். அது அப்போது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும்: கடல் மட்டத்தை ஒட்டிய இடத்தில் சுமார் 101 கிலோபாஸ்கல், 1500 மீட்டர் உயரத்தில் 85-ஐ ஒட்டி. வெளிக்காற்றையும் சேர்த்துக் காட்டும் ஸ்கேனரில் இது பொருந்தாவிட்டால் சென்சாரே பொய் சொல்கிறது. ஹோஸைத் தேடி அலைய வேண்டாம். பல ஸ்கேனர்கள் வெளிக்காற்றையும் சேர்த்துத்தான் காட்டும் என்பதை மறக்காதீர்கள். 300 கிலோபாஸ்கல் (3 பார்) என்று திரையில் வந்தால் உண்மையான பூஸ்ட் 2 பார்தான். இந்தக் கழித்தலை விட்டுவிட்டு "பூஸ்ட் அமோகமாக இருக்கிறது" என்று வண்டியைத் திருப்பி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்து, லோடோடு ஒரு மேட்டில் முழு ஆக்சிலரேட்டரில் ஓட்டி, கம்ப்யூட்டர் கேட்கும் பூஸ்டையும் கிடைக்கும் பூஸ்டையும் பதிவு செய்யுங்கள். இரண்டும் அருகருகே ஏற வேண்டும். கேட்பது மேலே போய்க்கொண்டிருக்க, கிடைப்பது ஒரு இடத்தில் முட்டி நின்றால் சந்தேகம் வலுக்கிறது.

விஜிடி டர்போ (எக்ஸாஸ்ட் வழியை இறகுகளால் கூட்டிக் குறைக்கும் வகை) உள்ள வண்டியில் இன்னும் ஒரு அளவு முக்கியம்: உள்ளே இருக்கும் இறகுகள் எவ்வளவு மூடியிருக்கின்றன என்பது. சின்ன லீக் இருந்தால் கம்ப்யூட்டர் இறகுகளை மேலும் மூடி, டர்போவைக் கூடுதலாகச் சுழற்றி, பூஸ்டைச் சமாளித்துவிடும். பூஸ்ட் எண்ணில் குறை தெரியாது, கோடும் வராது. எக்ஸாஸ்டில் முதுகழுத்தம் (புகை வெளியேற விடாமல் எதிர்க்கும் அழுத்தம்) கூடி டீசல்தான் முதலில் கூடுதலாகச் செலவாகும். இழுவைக் குறை பிறகுதான் தெரியும்.

பூஸ்ட் குறைந்தாலே லீக்தானா?

இல்லை, இங்கேதான் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். டர்போவைச் சுழற்றுவது எக்ஸாஸ்டின் சூடும் ஓட்டமும். டீசல் ஃபில்டர் அடைத்து என்ஜினுக்கு டீசல் பற்றாமல் போனால் எக்ஸாஸ்டில் சக்தி இருக்காது, பூஸ்டும் ஏறாது. காற்றுப் பாதை முழுக்கச் சரியாக இருந்தாலும் மீட்டர் குறைவாகத்தான் காட்டும். வேஸ்ட்கேட் (எக்ஸாஸ்டை டர்போவுக்குப் போகாமல் திருப்பிவிடும் கதவு) மூடாமல் திறந்தே நின்றாலும், விஜிடி இறகுகள் கரி பிடித்து இறுகினாலும், எக்ஸாஸ்ட் பிரேக்கின் ஷட்டர் பாதியில் சிக்கினாலும், டிபிஎஃப் அடைத்தாலும் இதே கதை. ஏர் ஃபில்டர் அடைப்பும் சேர்த்தி. ஃபில்டர் பெட்டியில் இருக்கும் இன்டிகேட்டர் சிவப்பில் நிற்கிறதா என்று பார்க்க அரை நிமிடம் போதும்.

நான் பிரிக்கும் விதம்: சீறலும் எண்ணெய்த் தடமும் இருந்தால் லீக் பக்கம், பூஸ்டும் குறைவு, புகையும் இல்லை, ரெயில் பிரஷரும் (இன்ஜெக்டர்களுக்குப் போகும் டீசலின் அழுத்தம்) தடுமாறுகிறது என்றால் டீசல் பக்கம். இரண்டும் தெளிவாக இல்லையென்றால் பிரஷர் டெஸ்ட். அது பொய் சொல்லாது.

கண்ணால் பார்த்தே பிடித்துவிட முடியுமா?

பாதிக்கு மேல் பிடித்துவிடலாம், கண்ணோடு கையும் சேர்ந்தால். டர்போ வழியாக வரும் காற்றில் மெல்லிய எண்ணெய் ஈரம் எப்போதும் இருக்கும். லீக் ஆகும் இடத்தில் அந்த ஈரம் வெளியே தெளித்து, அதன் மேல் தூசி ஒட்டி, விசிறி விரித்த மாதிரி கருப்புக் கோடுகள் விழும். கிளாம்புக்குப் பக்கத்தில் அப்படி ஒரு விசிறி இருந்தால் அதன் காம்பு எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் ஓட்டை. மூட்டைச் சுற்றி ஒரே சீராகப் படிந்த லேசான பிசுக்கைப் பார்த்துப் பதற வேண்டாம்.

ஹோஸை மேலிருந்து பார்த்துவிட்டு நகராதீர்கள். அடிப்பக்கத்தில் கையைக் கொடுத்து முழு நீளமும் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு இடம் மட்டும் பஞ்சு மாதிரி அமுங்கினால் உள்ளே துணிப் பட்டை பிரிந்துவிட்டது. விரிசல்கள் பெரும்பாலும் கிளாம்பின் ஓரத்திலோ, மடிப்பின் பள்ளத்திலோ, பிராக்கெட்டில் உரசும் இடத்திலோ ஒளிந்திருக்கும். வண்டி நிற்கும்போது அந்த விரிசலின் இரண்டு உதடும் மூடியே இருக்கும். 1 பார் ஏறியதும்தான் வாய் திறக்கும். கண் பரிசோதனை தோற்பது இங்கே.

இவற்றையும் பாருங்கள்: மேனிஃபோல்டில் இருக்கும் சென்சார்களின் ஓ-ரிங், ஹீட்டர் கிரிட்டின் (உள்ளே வரும் காற்றைச் சூடேற்றும் கம்பி வலை) கேஸ்கெட், பிளக் போட்டு அடைத்த துளைகள், இஜிஆர் (எக்ஸாஸ்டில் கொஞ்சத்தை மறுபடி உள்ளே விடும் அமைப்பு) மூட்டுகள். சில என்ஜின்களில் பிரேக் ஏர் கம்ப்ரஸர் தனக்கு வேண்டிய காற்றை மேனிஃபோல்டிலிருந்தே எடுக்கும். அந்தச் சின்ன ஹோஸும் பூஸ்ட் பாதையில் சேர்ந்ததுதான், ஆனால் யார் கண்ணிலும் படாது.

பிரஷர் டெஸ்ட் எப்படிச் செய்வது?

வேண்டியவை: டர்போவின் காற்று உள்வாயை அடைக்கும் அளவான மூடி, அதில் காற்று ஏற்ற வால்வு, ரெகுலேட்டர், பிரஷர் கேஜ், பாதுகாப்பு வால்வு, சோப்புத் தண்ணீர். மூடி தரமானதாக இருக்கட்டும், அதைச் சங்கிலியாலோ பட்டையாலோ கட்டி வையுங்கள். 100 மில்லிமீட்டர் வாயை அடைத்த மூடியின் மேல் 2 பாரில் ஏறக்குறைய 160 கிலோ எடைக்குச் சமமான விசை தள்ளுகிறது. கழன்றால் அது குண்டு. அதற்கு நேர் எதிரே முகத்தை நீட்டாதீர்கள், கண்ணாடி போடாமல் குனியாதீர்கள்.

என்ஜினை அணைத்து, ஆறவிட்டு, கியரை நியூட்ரலில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். கேபினைத் தூக்கினால் லாக் விழுந்ததா என்று பாருங்கள். டர்போவுக்கு முன்னால் இருக்கும் ஹோஸைக் கழற்றி அந்த வாயில் மூடியை இறுக்குங்கள். கிராங்க்கேஸிலிருந்து (கிராங்க் சுழலும் என்ஜினின் கீழ்ப்பகுதி) ஆவியை வெளியேற்றும் பிரீதர் குழாய் நீங்கள் அழுத்தம் ஏற்றும் பகுதிக்குள் வந்து சேர்ந்தால் அதைக் கழற்றி அடைத்துவிடுங்கள். இல்லையென்றால் காற்று நேராக எண்ணெய்த் தொட்டிக்குள் போய் ஆயில் சீல்களைத் தள்ளிவிடும்.

காற்றை மெல்ல ஏற்றுங்கள். 0.3 பாரில் நிறுத்தி ஒருமுறை காது கொடுங்கள். பெரிய ஓட்டை இருந்தால் இங்கேயே கத்தும். பிறகு 1 பார், தேவைப்பட்டால் 1.5. வண்டி தயாரிப்பாளர் சொன்ன எல்லைக்கு மேல் வேண்டாம். ஃபேன், பெல்ட் பக்கம் கை வைக்காதீர்கள்; காற்றின் அழுத்தத்தில் என்ஜின் சற்றே உருண்டாலும் உருளலாம். இப்போது டர்போவில் தொடங்கி மேனிஃபோல்ட் வரை ஒவ்வொரு மூட்டாகச் சோப்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டே போங்கள். பெரிய ஓட்டையில் நுரை நிற்காது, தண்ணீர் சிதறும். ஊசிமுனை ஓட்டையில் வெண்ணுரை மெல்லக் குவியும். அவசரப்படாதீர்கள், நுரை கட்ட நேரம் கொடுங்கள். அழுத்தம் இருக்கும்போதே ஹோஸ்களைப் பிடித்து லேசாக அசைத்துப் பாருங்கள். ஓடும்போது என்ஜின் ஆடுவதைக் கை செய்து காட்டுகிற மாதிரி. அசைத்தால் மட்டும் சீறும் லீக்குகள் உண்டு.

ஒரு ஓட்டை கிடைத்ததும் டெஸ்டை நிறுத்துவதுதான் மிகப் பெரிய தவறு. முழுப் பாதையையும் முடியுங்கள். ஒரு ஹோஸ் கிழியும் வயதில் இருந்தால் பக்கத்து ஹோஸும் அதே வயதில்தான் இருக்கும்.

கேஜில் அழுத்தம் நிற்கவே மாட்டேன் என்கிறது, வெளியே எங்கும் நுரையும் இல்லை. ஏன்?

என்ஜின் ஒரு அடைத்த டப்பா இல்லை. எப்போதும் ஏதோ ஒரு சிலிண்டரின் இன்டேக் வால்வு திறந்திருக்கும். பிஸ்டன் ரிங் இடைவெளி வழியாகக் கொஞ்சம் காற்று கீழே போகும்; எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்தால் மெல்லிய மூச்சு வருவது அதனால். டர்போவின் சீல் வழியாகவும் கொஞ்சம் போகும். ஒரு சிலிண்டரில் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நிலையில் கிராங்க் நின்றிருந்தால் காற்று சைலன்சர் வழியாகவே வெளியேறும். கிராங்க்கைக் கொஞ்சம் திருப்பி வைத்து மறுபடி பாருங்கள், நின்றுவிட்டால் கவலையில்லை. எந்த நிலையில் வைத்தாலும் சைலன்சரில் காற்று கொட்டுகிறது என்றால் இஜிஆர் வால்வு சரியாக மூடவில்லை என்று சந்தேகியுங்கள்.

இன்டர்கூலரை எப்படித் தனியாகச் சோதிப்பது?

இரண்டு வாயையும் மூடியால் அடைத்து 2 பார் ஏற்றி, காற்று வரும் வால்வை மூடிவிட்டு 15 விநாடி பாருங்கள். பல தயாரிப்பாளர்கள் இந்த 15 விநாடியில் 0.35 முதல் 0.5 பார் வரை இறங்குவதை ஏற்றுக்கொள்கிறார்கள். இன்டர்கூலர் துளிகூட ஒழுகக் கூடாது என்று எதிர்பார்த்து நல்ல கோரை (நடுவில் இருக்கும் குழாய்த் தொகுதி) தூக்கி எறியாதீர்கள். அதற்கு மேல் இறங்கினால் வெளியே எடுத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்கினால் குமிழி எழும் இடம் தெரியும். அது பெரும்பாலும் குழாய்கள் பக்கத்துத் தட்டில் சேரும் மூலையாகத்தான் இருக்கும். நடுக் கோர் சூட்டில் விரியும்போது ஓரங்கள் பிடித்து நிறுத்துவதால் இழுபறி அங்கே நடக்கிறது.

ரேடியேட்டருக்கு முன்னால் இருப்பதால் கல் அடித்த துளைகளும் உண்டு. தாங்கும் ரப்பர் தேய்ந்து பிராக்கெட்டில் உரசி உண்டான துளைகளும் உண்டு.

ஓட்டை விழுந்த இன்டர்கூலரை வெல்டிங் செய்யலாமா?

அலுமினிய டேங்க் என்றால், நல்ல டிக் வெல்டர் கையில் கொடுத்தால், எண்ணெயெல்லாம் போகச் சுத்தம் செய்த பிறகு, செய்யலாம். உள்ளே எண்ணெய் இருந்தால் வெல்டிங் நுரைத்துப் பொத்தலாகும். பிளாஸ்டிக் டேங்க் நெளித்துப் பிடித்த வகை என்றால் கேஸ்கெட் மாற்றி மறுபடி நெளிக்க முடிந்தால் சரி, இல்லையேல் புதிது. மூலைகளில் பல இடம் விரிசல் கண்ட கோரை ஒட்டுப்போட்டுக்கொண்டே இருப்பதில் அர்த்தமில்லை. ஒரு இடத்தை அடைத்தால் இழுபறி அடுத்த இடத்துக்குப் போகும். எபாக்ஸி பூச்சு ஊர் போய்ச் சேரும் வரைக்கும்தான்.

எந்த ஹோஸ், எந்த கிளாம்ப் வாங்குவது?

டர்போவிலிருந்து இன்டர்கூலர் வரைக்குமான சூடான பக்கத்துக்கு, உள்பூச்சில் எண்ணெய் தாங்கும் ஃப்ளோரோசிலிக்கான் உள்ள, பல அடுக்குத் துணி கட்டிய ஹோஸ் வேண்டும். வெறும் சிலிக்கான் சூட்டைத் தாங்கும், எண்ணெயில் ஊறினால் தளர்ந்து உப்பிவிடும். ரேடியேட்டர் தண்ணீர் ஹோஸை அளவு பொருந்துகிறது என்று வெட்டி மாட்டுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் மேட்டிலேயே பலூனாகும்.

கிளாம்பில், ஸ்குரூ திருகும் சாதாரண வகை இந்த இடத்துக்கு ஆகாது. அதன் பட்டையில் இருக்கும் பள்ளங்கள் ஹோஸை அறுக்கும், சுற்றிலும் சமமாக அழுத்தாது. டி-போல்ட் வகை தேவலாம். ஸ்பிரிங் வைத்த டி-போல்ட் இன்னும் மேல். ஹோஸ் சூட்டில் தடித்து, குளிரில் சுருங்கும்போது ஸ்பிரிங் விட்டுப் பிடித்துச் சமமாக வைத்திருக்கும். போல்ட்டை எவ்வளவு இறுக்குவது என்பது வண்டிக்கு வண்டி மாறும். புத்தகத்தில் இருக்கும் அளவைப் பார்த்து டார்க் ரெஞ்சில் வையுங்கள். "இன்னும் ஒரு சுற்று இருக்கட்டும்" என்கிற கைதான் பாதி ஹோஸ்களை அறுக்கிறது.

மாட்டும்போது கவனிக்க வேண்டியது என்ன?

குழாயின் முனையையும் ஹோஸின் உள்பக்கத்தையும் எண்ணெய்ப் பிசுக்கு இல்லாமல் துடையுங்கள். பிரேக் கிளீனரைத் துணியில் நனைத்துக் குழாய் முனையைத் துடைத்துக் காயவிட்டால் போதும். உள்ளே வழுக்கிப் போக கிரீஸோ எண்ணெயோ தடவக் கூடாது. ஏறும்போது வழுக்கியது ஓடும்போதும் வழுக்கும். துளி சோப்புத் தண்ணீர் போதும், அது காய்ந்துவிடும். சீலண்ட் பசை வேண்டவே வேண்டாம், பிய்ந்து உள்ளே போனால் அடுத்த தலைவலி.

குழாய் முனையில் ஒரு மேடு வளையமாக ஓடும். கிளாம்ப் அந்த மேட்டைத் தாண்டி உள்பக்கம் உட்கார வேண்டும். மேட்டின் மேலேயே உட்கார்ந்தால் முதல் முழு பூஸ்டில் ஹோஸ் கழன்றுவிடும். இரண்டு குழாயும் நேருக்கு நேர் நிற்கிறதா என்று கிளாம்பை இறுக்கும் முன்பே பாருங்கள். ஹோஸை வளைத்து இழுத்துப் பொருத்த வேண்டியிருந்தால் பிராக்கெட்டைத் தளர்த்திக் குழாயை நேராக்குங்கள்.

ஒரே ஹோஸ் திரும்பத் திரும்பக் கழல்கிறதே?

ஹோஸ் மேல் குற்றமில்லை. என்ஜின் மவுண்ட் தேய்ந்திருந்தால் ஆக்சிலரேட்டர் கொடுக்கும்போது என்ஜின் ஒரு பக்கம் சாயும். சேசிஸில் நிற்கும் இன்டர்கூலர் சாயாது, நடுவில் இருக்கும் ஹோஸ் இழுபடும். ஒருவரை பிரேக்கை மிதித்துக்கொண்டு கிளட்சில் லேசாக லோடு ஏற்றச் சொல்லி, நீங்கள் வண்டியின் பக்கவாட்டில் தள்ளி நின்று என்ஜின் எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். காணாமல் போன பிராக்கெட், மேடு இல்லாமல் வெட்டி மாட்டிய குழாய், வேஸ்ட்கேட் திறக்காமல் எகிறும் பூஸ்ட், ஹோஸுக்குள் வழியும் எண்ணெய், இவையும் காரணங்கள். காரணத்தை விட்டுவிட்டு இன்னும் தடிமனான கிளாம்ப் போட்டால் அடுத்த பலவீனமான இடம் போகும், அவ்வளவுதான்.

ஹோஸைக் கழற்றினால் உள்ளே எண்ணெய் இருக்கிறது. டர்போ போய்விட்டதா?

விரல் நனையும் அளவு ஈரம் இயல்பு. பிரீதர் காற்று டர்போவின் உள்வாயில் சேரும் என்ஜின்களில் இது இன்னும் சாதாரணம். குட்டையாகத் தேங்கியிருந்தால் யோசிக்க வேண்டும்: டர்போ சீல், அடைத்த ஏர் ஃபில்டர், கூடிப்போன கிராங்க்கேஸ் அழுத்தம், அடைபட்ட எண்ணெய் திரும்பும் குழாய், இவற்றில் ஏதோ ஒன்று. காரணம் எதுவானாலும் தேங்கிய எண்ணெயை வடித்துச் சுத்தம் செய்யாமல் வண்டியை முறுக்கக் கூடாது. இன்டர்கூலரில் நிற்கும் எண்ணெய் மொத்தமாகச் சிலிண்டருக்குள் போனால் என்ஜின் அதையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுப்பாடு இல்லாமல் ஓடும், சாவியைத் திருப்பினாலும் நிற்காது.

டர்போ உடைந்து புதிது மாட்டும்போது இன்டர்கூலரைக் கழுவாமல் விடாதீர்கள். உடைந்த அலுமினியத் துணுக்குகள் அங்கேதான் காத்திருக்கும்.

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் லீக்கை எப்படித் தெரிந்துகொள்வது?

குளிர்ந்த என்ஜினை ஸ்டார்ட் செய்ததும் "டிக் டிக் டிக்" என்று ஒரு தட்டல், சூடானதும் இரும்பு விரிந்து அடைத்துக்கொள்வதால் சத்தம் நின்றுவிடும். கேஸ்கெட் ஓரத்தில் கரி படிந்திருக்கும். ஓரத்துச் சிலிண்டர்களின் ஸ்டட்கள் முதலில் முறியும். மேனிஃபோல்ட் நீளவாக்கில் விரியும்போது அதிகம் நகர்வது அங்கேதான். டர்போவுக்குப் போக வேண்டிய சக்தி இங்கே வெளியேறுவதால் பூஸ்ட் மெதுவாக, தாமதித்து ஏறும்.

ஃபில்டருக்கும் டர்போவுக்கும் நடுவில் லீக் இருந்தால்?

இழுவையில் பெரிய வித்தியாசம் தெரியாது, அதுதான் ஆபத்து. அங்கே காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. ஃபில்டரைத் தாண்டிய ஓட்டை என்பதால் தூசி நேராக கம்ப்ரஸர் சக்கரத்தையும் பிறகு ரிங், லைனரையும் அரைக்கும். பூஸ்ட் லீக் டீசலைத் தின்னும். இந்த லீக் என்ஜினையே தின்னும். ஹோஸின் உள்சுவரில் விரலை ஓட்டிப் பாருங்கள். மண் தடம் வந்தால் மூட்டு ஒழுகுகிறது. பிரஷர் டெஸ்டின்போது மூடியை ஃபில்டர் பக்கம் தள்ளிப் பொருத்தி, மிகக் குறைந்த அழுத்தத்தில் இந்தப் பகுதியையும் சேர்த்துச் சோதிக்கலாம்.

ஈதர் ஸ்ப்ரே அடித்து லீக் தேடலாமா?

வேண்டாம். பூஸ்ட் பாதையில் காற்று வெளியேதான் வரும். அடித்த ஸ்ப்ரே உள்ளே போகவே போகாது. அதனால் கண்டுபிடிக்க முடியாது. சூடான டர்போ பக்கத்தில் தீ மட்டும் பிடிக்கும். ஹீட்டர் கிரிட் உள்ள என்ஜினில் உள்ளே போய்விட்டால் வெடிக்கும்.

லீக்கோடு ஓட்டினால் டர்போ கெடுமா?

மெல்லக் கெடும். கேட்ட பூஸ்டைக் கட்ட அது வடிவமைத்ததைவிட வேகமாகச் சுழல வேண்டியிருக்கிறது. பெரிய லாரி டர்போவே நிமிடத்துக்கு 1 லட்சம் சுற்றை ஒட்டிச் சுழலும். அதற்கு மேலும் விரட்டினால் பேரிங்கும் கம்ப்ரஸர் சக்கரமும் தாங்காது. காற்று குறைவதால் எக்ஸாஸ்ட் சூடும் ஏறும். டர்போ மாற்றிவிட்டு லீக்கை விட்டுவைத்தால் புது டர்போவும் பழையதன் பின்னாலேயே போகும்.

வழியில் ஹோஸ் கழன்றோ கிழிந்தோ போனால் ஓட்டிக்கொண்டு போகலாமா?

கழன்றது என்றால் ஆறவிட்டு, துடைத்து, மறுபடி மாட்டி இறுக்கி மெதுவாகப் போங்கள். கிழிந்தது என்றால், சுற்றிக் கட்டிய டேப் சூடான பக்கத்தில் நிற்காது. குளிர்ந்த பக்கத்தில் சின்னக் கிழிசலுக்குத் தானாக ஒட்டிக்கொள்ளும் சிலிக்கான் டேப்பை இறுக்கமாகச் சுற்றினால், ஆக்சிலரேட்டரைத் தொட்டும் தொடாமலும் ஓட்டி அடுத்த பட்டறை வரை சேரலாம்.

ஹோஸ் முழுக்கத் திறந்த நிலையில் ஓட்டாதீர்கள். டர்போ அழுத்தம் கொடுக்காதபோது என்ஜின் அந்தத் திறந்த வாயிலிருந்தே ஃபில்டர் ஆகாத காற்றை உறிஞ்சும். தூசிச் சாலை என்றால் சொல்லவே வேண்டாம். டர்போவே உடைந்து சத்தம் போட்டாலோ நீலப் புகை கக்கினாலோ உடனே அணையுங்கள்.

சரிசெய்த பிறகு எப்படி உறுதி செய்துகொள்வது?

மறுபடி பிரஷர் டெஸ்ட், பிறகு கோடுகளை அழித்துவிட்டு, முன்பு ஓட்டிய அதே மேட்டில் அதே கியரில் லோடோடு ஓட்டி, பழைய பதிவோடு புதியதை ஒப்பிடுங்கள். கேட்டதும் கிடைத்ததும் சேர்ந்தே ஏற வேண்டும். விஜிடி என்றால் இறகுகள் முன்பைவிடத் திறந்து நிற்க வேண்டும். திரும்பி வந்து சூடு ஆறியதும் புது ஹோஸின் கிளாம்புகளை ஒருமுறை பாருங்கள்; முதல் சூட்டில் ஹோஸ் கொஞ்சம் அமுங்கி இடம் கொடுத்திருக்கும்.

இனி எப்போது சோதிக்க வேண்டும்?

எண்ணெய் மாற்றும்போதெல்லாம் ஹோஸ்களைக் கையால் தடவிப் பாருங்கள். ஏதாவது ஒரு பூஸ்ட் ஹோஸ் வயதாகி வெடித்தால் மற்றவற்றையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இன்டர்கூலர், ரேடியேட்டர், என்ஜின் மவுண்ட் என்று எந்த வேலைக்காக அந்தக் குழாய்களைக் கழற்றினாலும், வண்டியை வெளியே விடும் முன் ஒரு பிரஷர் டெஸ்ட் போட்டுவிடுங்கள்.